கூரை போன கல் சுவர்கள்: ஆர்னல் கிராமத்தின் பழைய பண்ணைக் கட்டடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் வடமேற்கே, அட்லாண்டிக் கடலை நேருக்கு நேர் பார்த்தபடி கிடக்கிறது லூயிஸ் தீவு. அதன் மேற்குக் கரையில் ஆர்னல் என்று ஒரு சின்ன ஊர். ஊருக்குள் நடந்தால் ஆள் குடியிருக்கும் வீடுகளுக்கு நடுவே, கூரையே இல்லாத தடித்த கல் சுவர்கள் வந்துகொண்டே இருக்கும். இந்தப் பழைய வகைக் கல் வீட்டைக் கறுப்பு வீடு என்பார்கள். 42ஆம் எண் வீடு மட்டும் பழைய கூரையோடு அப்படியே நிற்கிறது. அரசின் தொல்லியல் அமைப்பு அதைக் காட்சிக்காகப் பராமரிக்கிறது. நான் அங்கே போய்வந்த பிறகு 42ஆம் எண் வீட்டைவிட அந்த இடிந்த சுவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசியிருப்பேன். கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

குரோஃப்ட் என்றால் கல் வீடுதானே?

இல்லை. குரோஃப்ட் என்பது நிலம். வீடு கட்ட, கொஞ்சம் பயிர் வைக்க, இரண்டொரு மாடு வளர்க்கப் போதுமான ஒரு துண்டு நிலம். அதோடு ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் ஒரு பங்கும் உண்டு. அந்த நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருப்பவர் குரோஃப்டர். இன்றைக்கும் ஸ்காட்லாந்தில் 20,000க்கும் மேற்பட்ட குரோஃப்ட்கள் சட்டப்படி நடப்பில் இருக்கின்றன.

ஆர்னலில் நில அமைப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். தெருவை ஒட்டி வீடுகள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நாடா மாதிரி நீளமாக ஓடும் வயல். 19ஆம் நூற்றாண்டில் நில உடைமையாளர்கள் ஊரை அளந்து இப்படிக் கோடு போட்டுப் பிரித்தார்கள். அதற்கு முன் ஊரே சேர்ந்து நிலத்தை வைத்துக்கொண்டு, அவ்வப்போது பங்கு மாற்றி உழுதது.

அந்தத் துண்டு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றப் போதாது. வேண்டுமென்றே சின்னதாக விட்ட இடங்களும் உண்டு. கடற்பாசியை எரித்துக் கிடைக்கும் சாம்பலுக்கு அப்போது சோப்பு, கண்ணாடித் தொழில்களில் நல்ல விலை இருந்தது. பாசி வாரி எரிக்கக் கூலி ஆள் வேண்டும். நிலம் போதாதவன்தானே கூலிக்கு வருவான்? 1815இல் நெப்போலியன் போர் முடிந்து வெளிநாட்டுச் சரக்கு வரத் தொடங்கியதும் பாசி விலை விழுந்தது. சின்ன நிலமும் பெரிய குடும்பமும் மட்டும் மிஞ்சின.

இந்த இடிந்த கட்டடம் வீடா, தொழுவமா, களஞ்சியமா?

மூன்றும்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு மூன்று நீள அறைகள். முன்னால் இருக்கும் நீளப் பகுதியில் ஒரு முனையில் மனிதர்கள், மறு முனையில் மாடுகள். பின்னால் அதே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு களஞ்சியம். கூரை போன பிறகு எல்லாம் ஒரே மாதிரி கல் பெட்டிகளாகத் தெரிவதால் குழப்பம் வருகிறது.

எது எது என்று கண்டுபிடிக்கத் தரையைப் பாருங்கள். தொழுவம் இருந்த முனை பெரும்பாலும் தாழ்ந்திருக்கும், தண்ணீரும் மூத்திரமும் வீட்டுப் பக்கம் வராமல் சரிவில் ஓட வேண்டுமே. இன்னொரு அடையாளம் செடி. காஞ்சொறி மாதிரி தொட்டால் எரியும் நெட்டில் செடி கொத்தாக முளைத்திருந்தால், அங்கே பல காலம் எரு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மாடு போய் அறுபது எழுபது வருடம் ஆனாலும் மண் அந்தச் சத்தை வைத்துக்கொண்டிருக்கும்.

சுவர் ஏன் இவ்வளவு தடிமன்? சுண்ணாம்பு இல்லாமல் எப்படி நிற்கிறது?

ஒரு சுவர் மாதிரி தெரிவது உண்மையில் இரண்டு சுவர். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டுக்கும் நடுவே மண்ணும் பீட் தூளும் (பீட் என்பது சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்து விறகு மாதிரி எரிக்கும் மட்கிய செடிமண்) திணித்திருப்பார்கள். மொத்தத் தடிமன் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும், சில இடங்களில் இரண்டு மீட்டர்கூட. சாந்து எதுவும் கிடையாது. கல்லின் கனமும் அடுக்கின் நேர்த்தியும்தான் பிடிமானம். மூலைகள் வளைவாக இருக்கும், காற்று மோதி நிற்காமல் வழுக்கிப் போவதற்காக.

கூரை அமைப்பில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நம் ஊரில் கூரை சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மழைத்தண்ணீர் சுவருக்கு வெளியே சொட்ட வேண்டும் என்று. இங்கே தலைகீழ். கூரை உட்சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும், வெளிச்சுவரின் தலை திறந்தே கிடக்கும். கூரையில் வழியும் மழை நேரே சுவரின் நடுவே இருக்கும் மண்ணுக்குள் இறங்கும். கேட்டால் பைத்தியக்காரத்தனம் மாதிரி தோன்றும். ஆனால் கூரை விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அட்லாண்டிக் புயல் அதைப் பிடித்துத் தூக்கிவிடும். அப்புறம், நடுவில் இருக்கும் ஈர மண் கல் இடுக்குகளில் காற்று நுழையாமல் அடைத்துவிடும். சுவர்த் தலையில் புல் வளரும், ஆடு ஏறி மேயும். கூரை வேய ஏறுகிறவருக்கு நிற்கும் இடமும் அதுதான்.

கல்லைத் தொட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வரி ஓடும். லூயிஸியன் நைஸ் என்பது அதன் பெயர், இந்தத் தீவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதன் மிகப் பழைய பகுதிகளுக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு.

கூரை எங்கே போனது?

ஓலைக் கூரையோ கூரைப் புல்லோ வேய்ந்த வீட்டில் இருந்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். இரண்டு வருடம் கை வைக்காமல் விட்டால் ஒழுகும், ஐந்து வருடம் விட்டால் விழும். லூயிஸில் அடியில் வேரும் மண்ணுமாக வெட்டிய புல்கரணைகளைப் பரப்பி, மேலே பார்லி அல்லது ஓட்ஸ் வைக்கோல் போட்டு, குறுக்கே கயிறு கட்டி, கயிற்று முனைகளில் பெரிய கற்களைத் தொங்கவிடுவார்கள். ஆணி அடித்து நிறுத்தும் கூரை இல்லை, கனத்தால் நிற்கும் கூரை. கயிறு மட்கினால் எல்லாம் போயிற்று.

மரம் தனிக் கதை. லூயிஸில் மரமே அரிது. விட்டம், கழி எல்லாம் பெரும்பாலும் கடல் கொண்டுவந்து ஒதுக்கிய கட்டைகள், உடைந்த படகின் பலகைகள். கல் எங்கும் கிடைக்கும், மரம் கிடைக்காது. அதனால் வீடு மாறும் குடும்பம் சுவரை விட்டுவிட்டு விட்டத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போகும். நில உடைமையாளர்கள் ஆட்டுப் பண்ணைக்காக ஊர்களைக் காலி செய்த வெளியேற்றத்தின்போது சில இடங்களில் அவர்களுடைய அதிகாரிகள் கூரை மரத்துக்குத் தீ வைத்ததன் கொடூரம் இங்கேதான் புரியும். மரம் போனால் அந்தக் குடும்பம் வேறு எங்கேயும் வீடு கட்ட முடியாது.

கூரை போன பிறகு மழை நேராகச் சுவரின் நடு மண்ணைக் கரைக்கும், இரண்டு சுவரும் வெளியே பிதுங்கிச் சரியும். இந்தப் பகுதியின் பழைய மொழியான கேலிக்கில் இப்படிக் கூரையற்று நிற்கும் சுவர்களுக்கு டோட்டா என்று பெயர்.

களஞ்சியச் சுவரில் தாழ்வாக ஒரு ஓட்டை இருக்கிறதே, அது என்ன? நாய் போகும் வழியா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அது தூற்றும் துளை.

கதிரைக் களத்தில் அடித்து, காற்று வரும்போது முறத்தில் எடுத்துத் தூற்றினால் பதர் பறந்துபோகும், மணி காலடியில் விழும். நமக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் லூயிஸில் அறுவடை முடியும் காலம் மழைக்காலம். திறந்த வெளியில் களம் போட்டால் ஒரே நாளில் எல்லாம் நனைந்துவிடும். அதனால் களத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். களஞ்சியத்தில் கதிரைக் கட்டையால் அடிப்பார்கள். ஒரு பக்கம் கதவு, அதற்கு எதிரே வெளிச்சுவரில் தாழ்வாக இந்தத் துளை. இரண்டையும் திறந்துவிட்டால் காற்று ஒரு கோடு மாதிரி உள்ளே பாயும். அந்தக் கோட்டில் நின்று தூற்றுவார்கள். வேலை முடிந்ததும் துளையை அடைத்துவிடுவார்கள்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நாம் சொல்லுகிறோம். அந்த ஊரில் காற்று இல்லாத நாள் குறைவு, அவர்களுக்குத் தேவைப்பட்டது அதை வேண்டிய அளவுக்கு மட்டும் உள்ளே விடும் ஒரு வழி. இடிந்த களஞ்சியத்தில் குனிந்து அந்தத் துளைக்கு நேரே கையை நீட்டினேன். மேலே சுவரின் மறைவில் காற்றே இல்லை. கை வைத்த இடத்தில் மட்டும் குளிர்காற்று விரல்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. கூரை போன பிறகும் அந்தத் துளை தன் வேலையைச் செய்கிறது. இதைக் கட்டியவர்களுக்குப் படிப்பில்லை, வழியில்லை, அதனால் இருட்டுக் குடிசையில் கிடந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் ஒரு முறை அங்கே கையை நீட்டிப் பார்க்க வேண்டும்.

தூற்றிய மணியை அரைக்கும் முன் சூளையில் காயவைக்கவும் வேண்டும், அந்த ஈரத்தில் தானாகக் காயாது. ஆர்னலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஷாபோஸ்ட் என்ற ஊருக்கு அருகே ஒரு பழைய நீராலையையும் அதோடு சேர்ந்த சூளையையும் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். களஞ்சியத்தைப் பார்த்த கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

மாடும் மனிதரும் ஒரே வாசலில் போனார்களாமே, உண்மையா?

உண்மை. குளிர்காலம் முழுக்க மாடு உள்ளேதான். அதன் உடம்புச் சூடு வீட்டுக்கும் உதவும். சாணத்தை அன்றாடம் அள்ளி வெளியே கொட்டும் வழக்கமும் இல்லை. காய்ந்த பீட்டையும் மண்ணையும் மேலே தூவித் தூவி விட்டுவிடுவார்கள். வசந்தம் வந்ததும் தொழுவத்தின் கடைசிச் சுவரில் ஒரு பகுதியைப் பிரித்து, சேர்ந்த எருவை எல்லாம் வயலுக்குச் சுமந்துவிட்டுச் சுவரை மறுபடி அடுக்குவார்கள். சாந்து இல்லாத சுவரின் லாபம் இது. இடிபாடுகளில் கடைசிச் சுவர் மட்டும் அடுக்கு வேறாகத் தெரிந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நில உடைமையாளரின் எஸ்டேட் நிர்வாகமும் பிறகு சுகாதார அதிகாரிகளும், நடுவே தடுப்புச் சுவர் வை, தனி வாசல் வை என்று பல காலம் வற்புறுத்தினார்கள்.

புகைபோக்கியே இல்லையே, மூச்சு முட்டாதா?

அறையின் நடுவே தரையில் பீட் நெருப்பு. புகை மெல்ல மேலே ஏறிக் கூரை வழியாகக் கசியும். கண் எரியும், சுவரெல்லாம் கறுக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புகைக்கும் வேலை இருந்தது. கூரையில் பூச்சி சேராது. புகைக்கரி ஏறிய பழைய வைக்கோல் வயலுக்கு நல்ல உரம், அதற்காகவே ஆண்டுதோறும் கூரையைப் பிரித்து உருளைக்கிழங்குக்கும் பார்லிக்கும் போட்டார்கள். வயல் கூரையைக் கொடுத்தது, கூரை வயலுக்கே திரும்பிப் போனது.

இரவில் நெருப்பை அணைப்பதில்லை. தணலைச் சாம்பலால் மூடி, பிரார்த்தனை சொல்லிவிட்டுப் படுப்பார்கள், காலையில் ஊதினால் பிடித்துக்கொள்ளும்.

கறுப்பு வீடு என்ற பெயர் அந்தப் புகையால் வந்ததா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கேலிக்கில் டை டூ என்றால் கறுப்பு வீடு. ஆனால் சுண்ணாம்புச் சாந்தும் புகைபோக்கியும் ஜன்னலும் வைத்த புது வீடுகள் 19ஆம் நூற்றாண்டில் வந்து, அவற்றை வெள்ளை வீடு என்று அழைக்க ஆரம்பித்த பிறகே பழையது கறுப்பு வீடாயிற்று என்பது பரவலான விளக்கம். வேய்ந்த கூரையைக் குறிக்கும் கேலிக் சொல்லும் கறுப்பைக் குறிக்கும் சொல்லும் காதுக்கு நெருக்கமாக இருப்பதால் ஒன்று மற்றொன்றாகிவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு.

இந்த இடிபாடுகள் எல்லாம் ஜனங்களை விரட்டியடித்ததன் மிச்சம்தானே?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தெருவில் ஒவ்வொரு டோட்டாவையும் பார்த்து மனசு கனத்துக்கொண்டே போனேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, ஆர்னலில் பெரும்பாலானவற்றின் கதை வேறு.

விரட்டியது உண்மை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆட்டுப் பண்ணைக்கு இடம் வேண்டும் என்று ஸ்காட்லாந்தின் வடபகுதி முழுக்க ஊர் ஊராகக் காலி செய்தார்கள். 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் எஸ்டேட் அதிகாரி பாட்ரிக் செல்லர் நடத்திய வெளியேற்றத்தில் வீடுகள் எரிந்தன. 1816இல் இன்வர்னெஸில் அவர்மேல் வழக்கு நடந்தது, விடுதலையாகிவிட்டார். அதே பள்ளத்தாக்கில் ரோசல் என்ற ஊரில் இன்று சுமார் 70 கட்டடங்களின் அடித்தடம் மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது. ஸ்கை தீவில் போரெரைக், சுஷ்னிஷ் என்ற இரண்டு ஊர்கள் 1850களின் தொடக்கத்தில் காலியாயின. லூயிஸையும் அது விடவில்லை. சீன அபின் வணிகத்தில் பணம் சேர்த்த ஜேம்ஸ் மாதிசன் 1844இல் இந்தத் தீவை வாங்கினார். 1846இல் உருளைக்கிழங்கு நோய் வந்து பஞ்சம். அடுத்த சில ஆண்டுகளில் பெரும் கூட்டம் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டது.

1882இல் ஸ்கையில் குத்தகைக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். 1883இல் நேப்பியர் பிரபு தலைமையில் விசாரணை ஆணையம் ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் கேட்டது. 1886இல் குரோஃப்டர் சட்டம் வந்தது. இனி குரோஃப்டரைக் காரணமில்லாமல் வெளியேற்ற முடியாது, நியாயமான குத்தகையை ஆணையம் நிர்ணயிக்கும், நிலத்தை வாரிசுக்கு விடலாம், விட்டுப்போனால் தான் கட்டியதற்கு இழப்பீடு கேட்கலாம்.

இந்தக் கடைசி வரிதான் ஆர்னலின் இடிபாடுகளுக்கு வழி வகுத்தது. அதுவரை நல்ல வீடு கட்டினால் லாபம் நில உடைமையாளருக்கு. இனி கட்டியது தனக்கு என்றானதும் ஜனங்கள் மெல்ல மெல்ல வெள்ளை வீடு கட்ட ஆரம்பித்தார்கள். அரசுக் கடனும் மானியமும் பிறகு சேர்ந்துகொண்டன. பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே புது வீடு. பழையது மாட்டுக்கு. மாடு குறைந்ததும் பீட்டும் கருவிகளும் போட்டுவைக்க. கடைசியில் வேலி கட்டக் கல் எடுக்கும் இடம். காட்சியகத்தின் பகுதியான 39ஆம் எண் வீடு 1920களின் வெள்ளை வீடு. அதே இடத்தில் பழைய கறுப்பு வீட்டின் இடிபாட்டையும் பார்க்கலாம். 42ஆம் எண்ணில் 1966 வரை ஆள் குடியிருந்தார்கள்.

ஆக, அந்தச் சுவர்களில் பல, நிலத்தின் மேல் உரிமை வந்து பாதுகாப்பான வீட்டுக்கு ஒரு குடும்பம் மாறியதன் தடம். அதை விரட்டலின் சின்னமாக மட்டும் படித்தால், அந்த உரிமைக்காகப் போராடியவர்களை விட்டுவிடுகிறோம்.

ஆனால் எல்லாக் கைகளும் புது வீடு கட்டத் திரும்பவில்லை. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்களை ஏற்றிவந்த அயொலேர் என்ற கப்பல் 1919 ஜனவரி 1 அன்று லூயிஸின் ஸ்டோர்னோவே துறைமுக வாசலிலேயே பாறையில் மோதி 201 பேர் இறந்தார்கள். 1923 ஏப்ரலில் மெட்டகாமா கப்பல் ஒரே பயணத்தில் சுமார் 300 பேரைக் கனடாவுக்குக் கொண்டுபோனது, பெரும்பாலும் இளைஞர்கள். கூரை வேய ஆள் இல்லாமல் விழுந்த வீடுகளும் இருந்திருக்கும்.

அப்படியானால் விரட்டிய ஊரை எப்படி அடையாளம் காண்பது?

உறுதியாகச் சொல்ல ஆவணம் வேண்டும். ஆனால் சில குறிப்புகள் உண்டு. இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே வெள்ளை வீடும் இன்றைய வீடும் வரிசையாக இருந்தால் குடும்பம் அங்கேயே தொடர்ந்திருக்கிறது. மொத்த ஊரும் ஒரே உயரத்தில் இடிந்து கிடந்து, நடுவே ஒரே ஒரு பெரிய ஆட்டுக் கிடை மட்டும் ஒழுங்கான சுவரோடு நின்றால், அந்தக் கிடையின் கல் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

பழைய வரைபடமும் உதவும். லூயிஸின் முதல் விரிவான ஆறு அங்குல வரைபடம் (ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டுவது) 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அளக்கப்பட்டது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தும் பார்க்கலாம். வெவ்வேறு காலப் பதிப்புகளை ஒப்பிட்டால் எந்தப் பத்தாண்டுகளில் கட்டடம் கூரையை இழந்தது என்று நெருங்கிவிடலாம்.

இடிந்ததை ஏன் மறுபடி கட்டக் கூடாது?

சில இடங்களில் கட்டியிருக்கிறார்கள். ஆர்னலுக்குத் தெற்கே கேரனன் என்ற ஊரில் கறுப்பு வீட்டின் கடைசிக் குடியிருப்பாளர்கள் 1974இல் வெளியேறினார்கள். பிறகு உள்ளூர் அறக்கட்டளை ஒன்று முழு வரிசையையும் மீட்டது, இன்று அங்கே தங்கலாம்.

எல்லாவற்றையும் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம் என்பது என் எண்ணம். வருடா வருடம் கூரை வேய யார் இருக்கிறார்கள்? வைக்கோலுக்குப் பயிர் யார் வைப்பது? இருப்பதைச் சரியாமல் நிறுத்துவதே பெரிய வேலை. பொதுவாகச் சுவர்த் தலையில் புல்கரணை பதித்து மண் கரையாமல் பார்த்துக்கொள்வார்கள். சிமென்ட் பூசுவதுதான் மோசம், தண்ணீர் உள்ளே மாட்டிக்கொண்டு சுவரை உள்ளிருந்தே பிதுக்கிவிடும்.

உள்ளே போகலாமா?

2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நிலத்தில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் வீட்டை ஒட்டிய தோட்டத்துக்கும் பயிர் நிற்கும் வயலுக்கும் அது பொருந்தாது. ஆர்னல் ஜனங்கள் வாழும் ஊர், அந்த டோட்டா யாரோ ஒருவருடைய பாட்டி பிறந்த இடம். தெருவிலிருந்து பாருங்கள், நெருங்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். குட்டி ஈனும் காலத்தில் ஆடுகளிடமிருந்து விலகி நில்லுங்கள். சுவர்மேல் ஏறாதீர்கள், ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள்.

எப்படிப் போவது?

ஸ்காட்லாந்தின் பெருநிலக் கரையில் உள்ள உல்லாபூலிலிருந்து ஸ்டோர்னோவேக்குக் கப்பல், மூன்று மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். அங்கிருந்து மேற்குக்கரை பஸ். 42ஆம் எண் ஞாயிற்றுக்கிழமை திறக்காது, லூயிஸில் ஓய்வுநாளை இன்னும் மதிப்பவர்கள் அதிகம். நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அரை மணி நேரம்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது?

முதலில் இடிபாட்டைப் பாருங்கள். சுவரின் உடைந்த முனையில் நின்றால் உட்சுவர், நடு மண், வெளிச்சுவர் மூன்றும் வெட்டிவைத்த மாதிரி தெரியும், முழு வீட்டில் இதைப் பார்க்க முடியாது. தரைச் சரிவைக் கவனியுங்கள். அப்புறம் நேரே 42க்குப் போய்க் களஞ்சியத்துக்குள் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஓரிரு நிமிடம் ஆகும். பீட் புகை வாசம் முதலில் வரும், பிறகு கூரைக் கழிகள் ஒவ்வொன்றாகத் தெரியும், கடைசியாகக் கீழே, சுவரோரம், அந்தத் துளை.